நான் சொல்லாமல் விட்ட ஒன்பது மில்லி

போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. எங்கள் ஊர்க் காளியம்மன் கோவில் முன்னால் ஊரே நிற்கிறது. முந்தின நாள் சாயங்காலம் மழை பெய்திருந்தது. கரிசல் மண் நனைந்தால் ஒரு வாசனை வருமே, அது கோவில் வரைக்கும் வந்து சூடன் வாசனையோடு கலந்து நின்றது.

பூசாரி அண்ணாச்சி கையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. தாளில் சுருட்டி, நூல் சுற்றி, எது எது என்று அவருக்கே தெரியாதபடி குலுக்கி ஆத்தா காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் இந்த மழைக்கு விதைக்கலாம். சிவப்பு வந்தால் பொறுக்க வேண்டும்.

பூ போட்ட பிறகு கோவிலுக்குள் முதலில் காலெடுத்து வைக்கிற ஆள்தான் பொட்டலத்தை எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன சாதி என்று பார்ப்பதில்லை. அன்றைக்கு வந்தது பால் எடுக்க வருகிற கோபால். பால் ஊற்ற ஒருத்தரையும் காணோமே என்று தேடிக்கொண்டு தலையில் ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.

"தொப்பியைக் கழட்டுங்க. ஆத்தா முன்னால என்ன ரேசுக்குப் போற மாதிரி நிக்கியோ" என்று பூசாரி அண்ணாச்சி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். என் இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டில் அன்று காலை எட்டரை மணிக்கு எழுதின எண் இருந்தது. ஒன்பது. ஒன்பது மில்லி மழை. விதைக்க அது பத்தாது. அந்தக் கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று சொல்லத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். எனக்கு நேராகச் சொல்ல வராது, சுற்றித்தான் வரும். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை வேண்டாம் என்று கும்பிட்டவள்

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். குச்சியைக் கட்டையில் அடுக்கிக் கொடுக்கிற வேலை.

அங்கே மழை என்றால் எங்களுக்குக் கிலி. வானம் மூடினால் மருந்து காயாது. மருந்து காயாவிட்டால் வேலை கிடையாது. அதனால் தினமும் பஸ் ஏறும்போது, 'முருகா, இன்னைக்கு மழை வேண்டாம்' என்று கழுகுமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். இங்கே ஆடும் காடும்தான் பிழைப்பு. காடு என்றால் மரம் நிற்கிற காடு இல்லை, எங்கள் மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம். கிணறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. வானம் கொடுத்தால் உண்டு. வந்த முதல் வருஷமே, 'முருகா, மழையைக் கொடு' என்று அதே திசையைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தேன்.

அவனுக்கு என்னைப் பற்றிக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். பங்குனி உத்திரத்துக்கு வருஷா வருஷம் கழுகுமலைக்கு நடந்து போகிறேன். ஒரு தடவை மலையடியில் நின்று, முன்னால் கேட்டதையெல்லாம் தள்ளுபடி பண்ணிவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆத்தா இடத்தில் ஒரு வெள்ளைக் குழாய்

சில வருஷத்துக்கு முன்னால் மழை பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்தார். கல்யாணமாகாத சின்னப் பெண், ஸ்கூட்டரில் வருவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் மழை மேடம். ஊருக்கு ஒரு மழைமானி வைக்க வேண்டும், பக்கத்தில் மரமோ கட்டடமோ இருக்கக் கூடாது என்றார். அப்படி வெட்ட வெளி எங்கள் ஊரில் கோவில் மைதானம் ஒன்றுதான். சிமெண்ட் பீடம் கட்டி, அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைக் குழாய் ஒன்றை நிறுத்தினார்கள். மேலே புனல், உள்ளே தண்ணீர் சேருகிற பாத்திரம். காலை எட்டரைக்கு அதை எடுத்து அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, எண்ணை எழுதி, போனில் மேடத்தின் வாட்ஸப் குரூப்புக்கு அனுப்ப வேண்டும்.

யார் பார்ப்பது என்று கேட்டபோது ஆம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நான் தினமும் காலையில் கோவிலுக்கு வாசல் தெளிக்கப் போகிறவள். "அப்ப பேச்சியம்மாளே பாக்கட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் ஆடியிலேயே எனக்குச் சோதனை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை குவளையில் ஊற்றினேன். பதினொன்று காட்டியது. ராத்திரி நான் நல்ல தூக்கம். தூங்கும்போது பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் லேசாக மஞ்சளாக இருந்தது. தூசி என்று நினைத்துக்கொண்டேன். எண்ணைக் குரூப்பில் போட்டுவிட்டேன்.

அரை மணி நேரத்தில் மேடம் போன் செய்தார்.

"அம்மா, உங்க பக்கம் நேத்து ராத்திரி மேகமே இல்லையே. பதினொன்னு எப்படி வந்துச்சு?"

"தெரியலை மேடம். தண்ணி இருந்துச்சு. மஞ்சளா இருந்துச்சு."

"மஞ்சளாவா?"

நான் போனை வைத்துவிட்டு நேராக லெட்சுமி மைனி வீட்டுக்குப் போனேன். மைனி என் வீட்டுக்காரருக்கு அக்கா. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தவர், இப்போது மைனி தனி ஆள். காலையில் எனக்கும் முன்னால் கோவிலுக்குப் போகிற ஒரே ஆள் அவர்தான்.

"மைனி, அந்த வெள்ளைக் குழாய்ல மஞ்சத்தண்ணி ஊத்துனியளா?"

"ஆமா ஊத்துனேன். ஆத்தா எடத்துல பீடம் கட்டி ஒண்ணை நிப்பாட்டியிருக்கு. ஆடி வெள்ளி. அதை மட்டும் விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் ஊத்த முடியுமா? குங்குமமும் வச்சேன், நீ பாக்கலையா?"

பார்த்தேன். புனல் விளிம்பில் பொட்டு இருந்தது. அழகாக இருக்கிறதே என்று கும்பிட்டுவிட்டுத்தான் குவளையை எடுத்தேன்.

பிறகு மழைமானியைச் சுற்றி வேலி போட்டோம். குங்குமத்தை வேலிக் கல்லுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஆனால் எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. 'மஞ்ச மழை பேச்சி.' ஊற்றினது மைனி, பெயர் எனக்கு. டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில், "என்ன பேச்சி, நாளைக்கு என்ன கலர்ல பெய்யும்?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் கூசும்.

காற்றுக்குப் பெரிய மடி

மழை மேடம் மாதம் ஒரு தடவை வந்து என் நோட்டைப் பார்ப்பார். வந்தால் மோர் குடிக்காமல் விடமாட்டேன். ஒரு நாள் கேட்டேன்.

"மேடம், மழை கொறைஞ்சிருச்சுன்னு எல்லாரும் சொல்லுதாவ. ஆனா போன மார்கழியில கடற்கரைப் பக்கம் ஒரு வருச மழை ஒரே நாள்ல கொட்டுச்சுன்னு டிவியில சொன்னாவளே. இது கொறைஞ்சிருக்கா கூடியிருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். கரியும் எண்ணெயும் எரித்து எரித்து நாம் மேலே அனுப்பின புகை, பூமிக்குப் போர்வை போர்த்தின மாதிரி ஆகிவிட்டது. வந்த சூடு வெளியே போக மாட்டேன் என்கிறது. கடலும் சூடாகிறது, காற்றும் சூடாகிறது. சூடான காற்று கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் பருத்தி எடுத்தவள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சேலையில் சின்னதாக மடி கட்டினால் கொஞ்சம் எடுத்ததும் நிறைந்துவிடும், அடிக்கடி போய்க் கொட்டுவோம். பெரிய மடி கட்டினால் நெடுநேரம் கொட்ட வர மாட்டோம், வந்தால் ஒரேயடியாகக் கொட்டுவோம். காற்று இப்போது பெரிய மடி கட்டியிருக்கிறது.

"அதேதான்மா" என்றார் மேடம். "நான் இதை ஒரு பக்கத்துக்கு எழுதுவேன், நீங்க ஒரு மடியில முடிச்சுட்டீங்க."

அவர் இன்னொன்றும் சொன்னார். மழை நாட்கள் குறைந்து, நடுவில் காய்கிற நாட்கள் நீள்வதால், முதல் தூறலை நம்பி விதைக்கிறது இனி ஆபத்து. கரிசலில் மேல் மண் மட்டும் நனைந்தால் விதை முளைக்கும், பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சாகும். இருபது மில்லிக்கு மேல் ஒரே மூச்சில் பெய்தால்தான் ஈரம் அடியில் இறங்கும். பெரிய மழைக்குப் பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால், கரிசல் களியாகி நாலைந்து நாள் காலே வைக்க முடியாது, அதற்குள் பருவம் ஓடும். அதனால் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் மூன்று விரக்கடை, அதாவது மூன்று விரல் அகலம், ஆழத்தில் விதைத்துவிட வேண்டும். விதையைப் பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து நிழலில் பழையபடி உலர்த்திப் போட்டால் காய்ச்சலைத் தாங்கும். தூறல் அதை எட்டாது. நல்ல மழை வருகிற அன்றைக்கு விதை ஏற்கெனவே மண்ணுக்குள் தயாராக இருக்கும்.

எனக்கு இதில் சாமிக்கு விரோதமாக ஒன்றும் தெரியவில்லை. மழை ஆத்தா கொடுப்பது. அளந்து பார்க்காதே என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

டிரம்மில் மிஞ்சினது

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு நீல டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதில்தான் சோள விதை இருந்தது. நாட்டுச் சோளம். ஆள் உயரத்துக்கு மேல் வளரும். கதிர் நமக்கு, தட்டை ஆட்டுக்கும் மாட்டுக்கும். கடையில் மக்காச்சோள விதை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். இந்த விதை கிடைக்காது. கோடையில் மேய்ச்சல் கருகும்போது எங்கள் ஆடுகளைக் காப்பாற்றுவது இந்தத் தட்டைதான்.

அதற்கு முந்தின வருஷம் முதல் மழைக்கே விதைத்தோம். முளைத்தது, கருகியது. மறுபடி விதைத்தோம். அது கதிர் வாங்கும்போது மார்கழியில் ஊற்றின மழையில் சாய்ந்தது. டிரம்மில் மிஞ்சின விதை எங்களுக்கு மூன்று குறுக்கத்துக்கும் மைனிக்கு மூன்று குறுக்கத்துக்கும் சரியாக இருந்தது. குறுக்கம் என்றால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். அதற்கு மேல் ஒரு பிடி கிடையாது. இந்தத் தடவையும் போனால் விதையே அற்றுப்போகும். தட்டை இல்லையென்றால் இரண்டு வீட்டு ஆட்டையும் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

மைனியின் பங்கைச் சாக்கில் கட்டி நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

வெள்ளைப் பூ

கோபால் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூசாரி அண்ணாச்சி நூலைப் பிரித்தார். வெள்ளை.

குலவைச் சத்தம் கிளம்பியது. என் பக்கத்தில் நின்ற மைனி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா கண்ணைத் தொறந்துட்டாட்டி" என்றார்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். 'ஒன்பது மில்லிதான் பெஞ்சிருக்கு. பத்தாது' என்று ஒரு வாக்கியம். ஆனால் ஆத்தா வாக்குக் கொடுத்த பிறகு ஒரு குழாயை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசுகிறாள் என்று வந்துவிடுமே என்று பயம். மஞ்ச மழை பேச்சி வந்துட்டா என்று ஆம்பளைகள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருமே என்று அதைவிடப் பெரிய பயம். உண்மையைச் சொன்னால், முதல் பயத்தை முன்னால் நிறுத்தி இரண்டாவது பயத்தை மறைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் மைனியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"மைனி, கொஞ்சம் ஆழமா போடுங்க."

"ஆழமா எதுக்குட்டி? வெதைக்கப் போறோமா பொதைக்கப் போறோமா?"

நான் விட்டுவிட்டேன். எண்ணைச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லவில்லை.

வீட்டில் வேறு கதை. என் வீட்டுக்காரர் அன்றே டிராக்டருக்குச் சொல்லப் போனார். நான் வாசலை மறித்தேன்.

"ரெண்டு நாள் பொறுங்க. மேல் மண்ணு காயட்டும். காஞ்ச பெறகு மூணு விரக்கடைக்குக் கீழ போடுவோம்."

"ஏட்டி, ஆத்தா வெதைக்கச் சொல்லியாச்சு."

"வெதைக்கத்தான் போறோம். மாட்டோம்னா சொன்னேன்? எவ்வளவு ஆழம்னு ஆத்தா சொல்லலையே."

"ஊரெல்லாம் ஈரத்துல வெதைக்கும். நாம மட்டும் புழுதியில போய்ப் போட்டா சிரிப்பாவ."

"என்னையப் பாத்து சிரிச்சு ஊருக்குப் பழகிப்போச்சு. உங்களுக்குக் கொஞ்சம் புதுசா இருக்கும்."

அவர் டிரம்மைப் பார்த்தார். "இது போச்சுன்னா ஒண்ணும் இல்லை, தெரியும்லா" என்றார்.

"தெரியும்."

அவ்வளவுதான் பேச்சு. அவரே பொட்டாஷ் வாங்கி வந்தார். விதையை ஊறவைத்து, நடுவீட்டில் சாக்கு விரித்து உலர்த்தினோம். இரண்டு நாள் வீட்டுக்குள் நடக்க இடமில்லை. மூன்றாம் நாள் வெயிலில் மேல் மண் மறுபடி மாவாகிவிட்டது. டிராக்டர்காரரிடம் விதைப்புப் பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னேன். ஒவ்வொரு சாலிலும் விரலை விட்டு ஆழம் பார்த்தேன். "அக்கா, நீங்க மண்ணுக்கு ஊசி போடுத மாதிரி இருக்கு" என்று கேலி பண்ணினார். கடைசிச் சால் முடிந்ததும் கிழக்கே பார்த்துச் சூடன் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பச்சையும் கறுப்பும்

ஐந்தாம் நாள் மைனி காடு முளைத்துவிட்டது. எங்கள் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் கறுப்பு.

"ஏட்டி பேச்சி, ஒன் சோளம் இன்னும் தூங்குதா? எழுப்பி விடட்டுமா?" மைனி வரப்பில் நின்றுகொண்டு கேட்டார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்து மழுப்பினேன். அன்றைக்கு எனக்கே சந்தேகம்தான். வரப்போரமாக ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்தேன். விதை போட்டபடியே கல்லு மாதிரி காய்ந்து, கெட்டியாக இருந்தது. அதை அப்படியே மூடிவிட்டு வந்தேன்.

பிறகு வெயில். புரட்டாசியில் சித்திரை வெயில். தினமும் எட்டரைக்குக் குழாயைத் திறப்பேன். பாத்திரத்தின் அடியில் ஒரு எறும்போ, சருகோ கிடக்கும். நோட்டில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எட்டாம் நாள் மைனியின் பயிர் நுனி மஞ்சளானது. பன்னிரண்டாம் நாள் குருத்து சுருண்டது. மைனி குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வரப்போரத்துப் பயிருக்கு ஊற்றுவதை என் கண்ணால் பார்த்தேன். மூன்று குறுக்கத்துக்கு எத்தனை குடம் ஊற்றுவது? பதினாறாம் நாள் அந்தப் பக்கமும் கறுப்பாகிவிட்டது. மைனியுடையது மட்டும் இல்லை. அந்த மழைக்கு விதைத்த எல்லாருடையதும் போயிற்று.

அந்தப் பூஜ்யங்கள் நடுவில் நான் நாலு தடவை மைனி வீட்டு வாசல் வரை போயிருப்பேன். நாலு தடவையும் எங்கள் ஆட்டுக்குட்டி இந்தப் பக்கம் வந்ததா என்று சும்மா கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஐப்பசி பிறந்து ஒரு நாள் விடியும்போது மழை பிடித்தது. இறங்கி வந்து உட்கார்ந்த மாதிரி மழை. எட்டரைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அளந்தேன். முப்பத்தேழு. இரண்டு தடவை அளந்தேன்.

ஐந்து நாள் காட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. ஆறாம் நாள் போனோம். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கரிசலைக் கீறிக்கொண்டு சால் சாலாக வெளிர்ப் பச்சை ஊசிகள். என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு முளையை விரலால் தொட்டார். "அக்காகிட்ட என்ன சொல்லப் போற?" என்று மட்டும் கேட்டார்.

மைனி வீட்டு வாசல்

நேராக அங்கிருந்தே போனேன். மைனி தொழுவத்தில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"மைனி, அன்னைக்குக் கோவில்ல பூ கேட்டோம்லா. மழை ஒன்பது மில்லிதான். அது பத்தாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

கட்டுகிற கை நின்றது.

"நோட்டுல எழுதியிருந்தியா?"

"எழுதியிருந்தேன்."

"நோட்டு எங்கன இருந்துச்சு?"

"இடுப்புல."

மைனி என் இடுப்பைப் பார்த்தார். அங்கே இப்போதும் அந்த நோட்டு இருந்தது. "என் பக்கத்துல நின்னுக்கிட்டு" என்றார். அவ்வளவுதான். குழையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு கோவிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் ஆத்தாவிடம் அழுதேன். ஆத்தா, நீ கொடுத்த மழையை நீ கொடுத்த இடத்திலேயே நின்று அளந்தேன். அந்த எண்ணும் உன் வாக்குதானே. அதை உன் பிள்ளைகளிடம் சொல்லாமல் மடியில் முடிந்துகொண்டேனே. பூவை எடுத்த கோபாலுக்கு இருந்த தைரியம்கூட எனக்கு இல்லையே.

தை மாதம் அறுத்தோம். என் வீட்டுக்காரரும் நானும் பேசி முடிவெடுத்தது இது. தட்டையில் பாதி மைனிக்கு. விதைக்கு எடுக்கிற கதிரில் பாதி மைனிக்கு. முதல் கட்டுத் தட்டையை நானே தலையில் சுமந்துகொண்டு போய் அவர் தொழுவத்தில் இறக்கினேன்.

மைனி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தட்டை குடுத்தா கோவம் போயிரும்னு நெனச்சியா?"

"இல்லை மைனி."

"போகாது. ஆனா ஆட்டுக்கு என்ன கோவம், அது திங்கும். மிச்சத்தையும் கொண்டா."

அந்தக் கோடையில் இரண்டு வீட்டிலும் ஒரு ஆடுகூடச் சந்தைக்குப் போகவில்லை.

இந்தப் புரட்டாசி

இதை எழுதுவதற்குப் பத்து நாளைக்கு முன்னால் மறுபடி மழை பெய்தது. மறுநாள் காலை அளந்தேன். ஆறு. ஊர் கோவிலில் கூடியது. பூசாரி அண்ணாச்சி பொட்டலங்களைக் குலுக்கக் கையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. நோட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டேன். மனப்பாடமாகத் தெரிகிற ஒரு எண்ணுக்கு நோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள், கையில் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது.

"ஆறு மில்லிதான் பெஞ்சிருக்கு. இது மொளைக்கப் போதும், பொழைக்கப் போதாது. மேல வெதைச்சா போன வருசம் மாதிரி ஆயிரும். மண்ணு காய விட்டு, மூணு விரக்கடை ஆழத்துல போட்டுட்டுப் பெரிய மழைக்குக் காத்திருக்கலாம். போன வருசமும் எனக்குத் தெரியும். நான் சொல்லலை. அது என் தப்பு."

ஆம்பளைகள் பக்கத்தில் யாரோ செருமினார்கள். எனக்குப் பின்னாலிருந்து மைனியின் குரல் வந்தது.

"பின்னால நிக்கவுகளுக்குக் கேக்கலைட்டி. சத்தமா சொல்லு."

மறுபடியும் சொன்னேன். ஆறு என்பதை, தப்பு என்பதை, எல்லாவற்றையும். இந்தத் தடவை என் குரல் கோவில் மணிக்குப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி எனக்கே கேட்டது.

பூசாரி அண்ணாச்சி பொட்டலங்களைத் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். சிவப்பு வந்தால் என்ன செய்வேன் என்று நானும் யோசித்தேன். வந்தால் பொறுப்பேன். எண்ணைச் சொல்லியாயிற்று, இனி அது என் மடியில் இல்லை, அவள் காலடியில் இருக்கிறது.

அண்ணாச்சி மறுபடி பொட்டலங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஆத்தா பக்கம் திரும்பினார். கண்ணை மூடினார். இதுவரைக்கும் எங்கள் ஊரில் யாரும் கேட்காத மாதிரி கேட்டார்.

"ஆத்தா, ஆறு மில்லி குடுத்திருக்க. ஆழமா வெதைச்சுப் போட்டுட்டு, மிச்சத்துக்குக் காத்திருக்கட்டுமா?"

வெள்ளை வந்தது.

இப்போது ஊரில் பாதிக்கு மேல் விதை மண்ணுக்குள் மூன்று விரக்கடை ஆழத்தில் இருக்கிறது. மழை இன்னும் வரவில்லை. காலை எட்டரைக்கு மைனி வேலிப் பக்கம் வந்து நிற்கிறார். நான் பூஜ்யம் என்று சத்தமாகச் சொல்கிறேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்.